கூரை திறந்த காரில் கேட்டது

மார்ச் 3, செவ்வாய்

பேட்டரி மறுபடியும் செத்துக் கிடந்தது. சில நாள் தொடாமல் விட்டால் இந்தக் காருக்குக் கோபம் வந்துவிடும். நிறுத்தியிருக்கும்போது சுவரில் செருகி வைக்க வேண்டும் என்று விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மறந்துவிட்டேன். செல்போனுக்குப் போடுகிற மாதிரி காருக்கும் சார்ஜ் போடணுமா என்று அவள் சிரித்தாள். அவள் என்றால் என் மனைவி. என் நாட்குறிப்பில் வேறு யார் வரப்போகிறார்கள்.

முப்பது வருஷம் ஆஃப்செட் மெஷின்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். அச்சகத்தை விற்றதும் வீடு வாங்கு, நிலம் வாங்கு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இரண்டே இருக்கை, கூரை மடிகிற, ஏழு கடல் தாண்டி வந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். மஞ்சள் மையில் துளி மெஜெண்டா சிவப்பு விழுந்த நிறம். அந்தத் துளிக்காகத்தான் வாங்கினேன் என்றால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

இதில் ஏறுவது ஒரு வித்தை. முதலில் உட்கார வேண்டும், பிறகு கால்களை உள்ளே எடுக்க வேண்டும். இறங்குவதற்கு வித்தை எதுவும் இல்லை, யாராவது கை கொடுக்க வேண்டும். கதவில் கைப்பிடி கிடையாது. ஓரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதற்குள் விரலை விட்டு அழுத்தினால் திறக்கும். ஹோட்டல் வாசலில் கார் எடுத்து நிறுத்துகிற பையன் கைப்பிடியைத் தேடிக் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நீங்களே நிறுத்திடுங்க சார் என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தான்.

எங்கள் அடுக்குமாடியின் தரைக்கீழ் நிறுத்தத்திலிருந்து மேலே வரும் சரிவில் காரின் மூக்கைத் தூக்குகிற பொத்தானை அழுத்தியாக வேண்டும். மறந்தால் தரையோடு தேய்த்துக்கொண்டு வரும். இன்று மறந்தேன். சிக்னலில் நின்றால் நாலு பேர் போன் தூக்குகிறார்கள். கூச்சத்தில் அவள் கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்கிறாள். ஆசை அறுபது நாள் மோகம் முப்பது நாள், பார்க்கலாம் என்கிறாள். பார்க்கட்டும்.

மார்ச் 11

வங்கியில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். மூன்று முறை "என்னம்மா?" என்றேன், கடைசியில் சீட்டில் எழுதிக் காட்டினாள். இந்தக் காலத்தில் யாருக்கும் வாயைத் திறந்து பேச வரவில்லை. வீட்டிலும் அதே கதைதான். இவளும் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

காரில் கீ கீ என்று ஒரு சத்தம் வருகிறதாம். ஓடும்போதெல்லாம் வருகிறதாம். தலை வலிக்கிறதாம். அப்படி எதுவும் இல்லை என்றேன். இருக்கு என்றாள். இல்லை என்றேன்.

எனக்கா சத்தத்தைப் பற்றிச் சொல்கிறாள்? மெஷினில் தாள் இரண்டாக ஏறினால் ஆபீஸ் அறையில் உட்கார்ந்தபடியே "நிறுத்து" என்று கத்தியவன் நான். டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது, உண்மைதான். இந்தக் காரில் விளக்குகள் தாமாக எரியும், தாமாக அணையும். விருந்தாளி மாதிரி அவற்றை விட்டுவிட வேண்டும். காரை விற்க வைக்க அவள் கண்டுபிடித்த சத்தம் இது. எனக்குப் புரியாதா?

மார்ச் 22, ஞாயிறு

அருமையான நாள். ஏரிக்கரைச் சாலையில் கூரையை மடித்துவிட்டு நிதானமாகப் போனோம். வெயில் இல்லை. மரங்கள் தலைக்கு மேலாகவே ஓடின. மூடிய காரில் போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

திரும்பி வரும்போது அவள் என் பக்கம் சாய்ந்து என்னவோ கேட்டாள். பாதி காற்றோடு போய்விட்டது. முகத்தைப் பார்த்தேன். பிரியமாக ஏதோ கேட்கிற மாதிரி இருந்தது. "சரி, அப்படியே பண்ணிடு" என்று தலையாட்டினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வீடு வரும்வரை பேசவில்லை. அலுப்பாக இருக்கும்.

மார்ச் 25

பரணிலிருந்து பெரிய பெட்டிகள் இரண்டும் இறங்கிவிட்டன. மகளுக்குப் பிரசவம் மே மாதம்தான். இப்போதே ஏன் கிளம்புகிறாய் என்றேன். பதில் சொன்னாளோ என்னவோ, முதுகைக் காட்டிக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தாள். குளிர்காலக் கம்பளியைக்கூட எடுத்து வைக்கிறாள்.

ஏப்ரல் 2

ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். மகள் ஊருக்குக் காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டாள். ரயில் நகரும்போது பார்க்கவேயில்லை. கார்மேல் இவ்வளவு கோபமா?

ஏப்ரல் 5, ஞாயிறு

மேல்வீட்டுக்காரர் வந்து டிவியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். மரியாதையான மனிதர். குறைத்தால் படம் மட்டும்தான் தெரிகிறது.

ஏப்ரல் 9

மகள் கூப்பிட்டாள். என் போனை ஸ்பீக்கரில் போட்டேன். சத்தம் போட்டே பேசினாள், நன்றாகவே கேட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம்.

"அம்மா இங்கயே இருந்துடறேன்னு சொல்றாங்கப்பா. உங்ககிட்ட கேட்டாங்களாம். சரி, அப்படியே பண்ணிடுன்னு சொல்லிட்டீங்களாமே."

எப்ப? எப்ப கேட்டா?

"கார்ல போறப்பவாம். ஏரிக்கரை ரோட்டுல."

மகளே மீதியையும் சொன்னாள். எது சொன்னாலும் அப்பா கேக்கறதே இல்ல, செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி இருக்கு, எனக்கு அலுத்துப்போச்சு என்று அம்மா சொல்கிறாளாம். நீ இல்லாம என்னால முடியாது, போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுவார்னு நெனச்சுதான் கேட்டேன் என்று அழுதாளாம்.

சிரிச்சுக்கிட்டே தலையாட்டியிருக்கேன். போன்னு சொல்லியிருக்கேன். என் வாயாலேயே சொல்லியிருக்கேன்!

காற்று. காற்றுதான் காரணம். கூரை மூடியிருந்தால் கேட்டிருக்கும். ஆனால் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே? ஏன் சரி என்றேன்? யார் எது சொன்னாலும் சரி என்கிறேனே, எப்போதிலிருந்து?

ஏப்ரல் 14

காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். எடுக்கப் போனபோது அங்குள்ள மேலாளர் அம்மா, ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்க சார் என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். கேட்டைத் தாண்டியதும் நிறுத்தச் சொன்னார். இந்த அலாரம் எவ்வளவு நாளாக அடிக்கிறது என்று கேட்டார்.

எந்த அலாரம் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கூரையை முன்னால் பூட்டுகிற கொக்கி சரியாக விழவில்லையாம், அதைத்தான் அந்த மஞ்சள் விளக்கும் காட்டுகிறதாம். விளக்கோடு சேர்ந்து அலாரமும் அடிக்குமாம். கொக்கியை இழுத்து விட்டார். "இப்ப நின்னுடுச்சு பாருங்க." பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது. மற்றபடி, அடித்தபோதும் நின்றபோதும் எனக்கு ஒன்றாகவே இருந்தது.

"உங்களுக்குக் கேக்கலையா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். அதை மட்டும் அவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டேன். தலையாட்டப் போனேன், நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 15

காவலாளியைக் காரில் உட்கார வைத்து, கொக்கியை எடுத்துவிட்டு, சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை கையைத் தூக்கியே வைத்திருக்கச் சொன்னேன். சார், கை வலிக்குது சார் என்றார் பாவம்.

ஏப்ரல் 20

காது டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்று எட்டிப் பார்த்தால் அவர் பாதியை முடித்திருந்தார்.

மெஷின் சத்தத்தின் வேலைதான். கனத்த சத்தம் எல்லாம் கேட்கிறதாம், மெல்லிய சத்தம் போய்விட்டதாம். பெண்கள் குரல், குழந்தைகள் குரல், தூரத்துப் பேச்சு எல்லாம் பிடிபடாதாம். வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் எனக்கே தெரியவில்லையாம். "நீங்க பேச்சக் கேக்கறதில்ல சார், ஊகிக்கிறீங்க" என்றார்.

அப்படியானால் வங்கிப் பெண் நன்றாகத்தான் பேசியிருக்கிறாள். இவளும். வெட்கமாக இருக்கிறது. மெஷினை விற்றுவிட்டு வந்தவனுக்குக் காதிலேயே ஒரு மெஷின். காதுக்கு ஒன்றாக இரண்டு.

மே 3, ஞாயிறு

போனில் சொல்கிற விஷயமில்லை என்று நேற்று மகள் ஊருக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். நெடுஞ்சாலையில் ஆசையாகக் கூரையை மடித்தேன். காது மெஷினில் காற்று மோதியதும் என் பழைய அச்சகம் முழுசாகத் தலைக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. ஓரம் கட்டி மூடினேன். மூடிக்கொண்டே போவதற்கு இந்தக் கார் எதற்கு என்று நினைத்தேன்.

மகள் வீட்டுப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனது எல்லாம் மறந்துவிட்டது.

"அன்னிக்கு எனக்குக் கேக்கல" என்றேன்.

"புதுசா என்ன? என்னிக்கு நீங்க கேட்டிருக்கீங்க" என்றாள், திரும்பாமலே.

"அந்தக் கேக்கல இல்ல. காது. காது கேக்கல."

தலையைத் திருப்பிக் காட்டினேன். கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். கிட்ட வந்து காதுக்குப் பின்னால் பார்த்தாள். வலிக்குதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அன்னிக்குக் கேட்டதை இன்னொரு தடவை கேளு என்று கெஞ்சினேன், வெட்கத்தை விட்டு.

"அதெல்லாம் ஒரு தடவதாங்க கேக்க முடியும்" என்றாள்.

அப்புறம் உள்ளே போய்விட்டாள். எனக்குச் சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள். இன்று காலையில் தனியாகத்தான் திரும்பி வந்தேன்.

மே 21

பேத்தி. போனில் அழுகை கேட்டது. சன்னமாக, பூனைக்குட்டி மாதிரி. எனக்குக் கேட்டது.

ஜூன் 10

காரை விற்றுவிடலாம் என்று முடிவு செய்து தரகரிடம் சொன்னேன். மகளிடமும் சொன்னேன், அவள் அம்மா காதுக்குப் போகட்டும் என்றுதான். போனது. அரை மணி நேரத்தில் அவளே கூப்பிட்டாள், புறப்பட்டுப் போன பிறகு முதல் தடவையாக.

"கார வித்தா எனக்கு என்ன வந்துச்சு? கார் வேணாம்னு நான் எப்பங்க சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். சொன்னதே இல்லை. சத்தம் வருகிறது என்றுதான் சொன்னாள். வேண்டாம் என்று ஊகித்தது நான். அவளோடு இத்தனை வருஷமாக நான் போட்ட சண்டைகளில் எத்தனை அவள் சொன்னதற்கு, எத்தனை நான் ஊகித்ததற்கு? கணக்குப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

தரகரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 4

தினமும் சாயங்காலம் பேசுகிறாள். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறதாம். எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். இப்போது பதில் காதில் விழுந்துவிடுமே.

ஜூலை 29

இல்லை, கேட்டுவிட்டேன். "நீ இல்லாம என்னால முடியல. வந்துடு" என்றேன். மறுமுனையில் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாக்கலாம் என்றாள்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க என்று வெள்ளிக்கிழமை சொன்னாள். நேற்று போனேன்.

பெட்டிதான் பிரச்சினை. இந்தக் காரில் மடிகிற கூரை போய் உட்காருவது பின்னால் சாமான் வைக்கும் இடத்தில்தான். பெட்டி வைத்தால் கூரை மடியாது, கூரை மடிந்தால் பெட்டிக்கு இடமில்லை. இரண்டாவது பெட்டியைப் பிறகு பார்சலில் போடச் சொல்லிவிட்டு ஒன்றை உள்ளே திணித்தோம். பேத்திக்கு முத்தம் கொடுத்துவிட்டு, முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்து வைத்தாள். மறக்கவில்லை.

கூரை மூடியிருந்ததால் உள்ளே அமைதி. ஊர் எல்லை தாண்டியதும் வெளியே பார்த்தபடி, "கன்னம் ஒட்டிப்போச்சு மனுஷனுக்கு. ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டார்" என்றாள்.

"சாப்பிட்டேன். ருசிதான் இல்ல" என்றேன்.

வெடுக்கென்று திரும்பினாள். என்னிடம் சொன்னதல்ல அது. பக்கத்தில் உட்கார்ந்து தனக்குத் தானே பேசிக்கொண்டே வருவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருக்கிறது. எத்தனை வருஷப் பழக்கமோ.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

ஒரு முறை மூக்கை உறிஞ்சினாள், அதுவும் கேட்டது. "இனிமே பாத்துதான் பேசணும் போல" என்றாள் பிறகு. பார்க்காமலே பேசு என்றேன். பேசினாள். பேத்தியைப் பற்றி, மகளின் கோபத்தைப் பற்றி, தனக்குத் தூக்கம் வராத நாட்களைப் பற்றி. இடையிடையே லாரி கடக்கும்போது சில வார்த்தைகள் பிடிபடவில்லை. தலை தானாக ஆடப் பார்த்தது. ஆடவிடவில்லை.

"கேக்கல. இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.

சொன்னாள்.