பையனுக்காக வாங்கி வைத்த நாலு டயர்

என்னங்க,

இன்று காலை மாடி அறையைத் திறந்தேன். ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. உங்கள் சட்டையில் இருந்த உங்கள் வாசனை எப்போதோ போய்விட்டது. இது மட்டும் போகவில்லை. நீங்கள் வாங்கி வைத்த நாலு டயரும் ஏசிக்குக் கீழே, என் காட்டன் புடவையைப் போர்த்திக்கொண்டு அப்படியே சாய்ந்திருந்தன. அது கிழிந்த புடவைகூட இல்லை. டயரில் தூசி படியுமென்று, கொடியில் காய்ந்துகொண்டிருந்ததை உருவிக்கொண்டு போனீர்கள்.

மாடியை வாடகைக்கு விடச் சொல்லிப் பையன் போன் செய்திருந்தான். சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது என்றான். அவனுக்காகத்தான் அது பூட்டிக் கிடந்தது. டயர்களை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிப் பூந்தமல்லி டயர்க்கடை பாய்க்கு ஆள் அனுப்பினேன்.

அந்த டயர்களை நீங்கள் தேடிய தேடலை நினைத்துக்கொண்டேன். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட நீங்கள் அவ்வளவு யோசித்திருக்க மாட்டீர்கள். பையன் கனடாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில் பேரன் வாந்தி எடுத்தான். "என்னப்பா வண்டி இது, எலும்பெல்லாம் ஆடுது. சத்தம் வேற" என்றான் பையன். அவ்வளவுதான். அவர்கள் திரும்பிப் போன மறுநாளே நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

ஆவடி ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆனபோது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் அது. அதற்கு நீங்கள் போட்டிருந்தது, இருப்பதிலேயே கெட்டியான டயர். நாள் உழைக்கும் என்றீர்கள். உழைத்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் என் இடுப்புதான் அதோடு சேர்ந்து உழைத்தது. வலிக்கிறது என்று சொன்னபோதெல்லாம் தைலம் வாங்கிக் கொடுத்தீர்கள். பையன் ஒரு தடவை முகம் சுளித்ததும் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினீர்கள்.

முதலில் உங்களுக்குப் பெரிய சக்கரம் மாட்ட ஆசை. பளபளவென்று அலாய் வீல் போட்டால் பையன் அசந்துபோவான் என்றீர்கள். பாய்தான் உட்காரவைத்துச் சொன்னார். சக்கரம் பெரிதானால் சுற்றியிருக்கும் ரப்பர் ஒல்லியாகிவிடும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் குண்டுகுழி எல்லாம் நேராக முதுகில் இடிக்கும் என்றார். சக்கரம் பழையதே இருக்கட்டும், டயரை மட்டும் கொஞ்சம் அகலமாக, மெத்தென்று போடுங்கள் என்றார். சத்தம் வராது, மழையில் நல்ல பிடிப்பு, ஆனால் சீக்கிரம் தேயும். சீக்கிரம் தேய்கிற எதையும் ஆயுசில் வாங்காத மனுஷன் நீங்கள். "பேரன் தூங்கிகிட்டே வருவான்" என்று சொல்லி அதையே எடுத்தீர்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பேரனுக்கு வாங்கினாலும் அவன் இல்லாத நாளில் என் இடுப்புக்கும் அது உதவுமே என்று நினைத்தேன்.

பாய் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினீர்கள். பையன் வரும்போது மாட்டிக்கொள்ளலாம் என்றீர்கள். பாய் உங்களை ஏற இறங்கப் பார்த்தார். "டயரு இன்னா ஊறுகாயா சார், வச்சி வச்சி துன்றதுக்கு? மாட்டிகினு போங்க" என்றார். நீங்கள் சிரித்துக்கொண்டே இரண்டை டிக்கியிலும் இரண்டைப் பின்சீட்டிலும் ஏற்றி, மழித்துவிட்ட தலை மாதிரி தேய்ந்துபோன பழைய டயர்களிலேயே வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தீர்கள். ஏன் இப்படி என்று கேட்டேன். "நம்ம ரெண்டு பேர்தானே, இதுவே போதும்" என்றீர்கள்.

அந்த ஒரு வாக்கியத்தில்தானே நம் குடும்பமே நடந்தது. பூப்போட்ட தட்டுகள் ஷோகேஸில் இருந்தன, நாம் நெளிந்த எவர்சில்வரில் தின்றோம். மாடி அறையில் ஏசி இருந்தது, நாம் கீழே டக்டக்கென்று அடிக்கிற ஃபேனுக்கு அடியில் புழுங்கினோம். வாரத்துக்கு ஒரு தடவை மேலே போய் ஏசியைப் போட்டு, ஓடுகிறதா என்று பார்த்து, அணைத்துவிட்டு வியர்வையோடு இறங்கி வருவீர்கள். டயர்கள் வந்த பிறகு அவற்றையும் திருப்பித் திருப்பி வைத்தீர்கள். ஒரே பக்கமாக நின்றால் அதற்கு அழுத்தமாம்.

பையன் முதலில் வேலை என்று தள்ளிப்போட்டான். அப்புறம் குழந்தையின் பள்ளிக்கூடம் என்றான். கடைசியில் ஒரு கார்த்திகை மாதம் டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னான். உங்களுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. திருவேற்காட்டு அம்மனுக்கு உடனே அர்ச்சனை செய்ய வேண்டும் என்று அடைமழையில் கிளம்பினீர்கள். போகிற வழியிலேயே பாய் கடையில் டயரை மாட்டிவிடலாம், எப்படியும் மாட்டத்தானே போகிறோம் என்று நான் கெஞ்சினேன். நான் கெஞ்சியது உங்களுக்கு நினைவிருக்காது. "கோயிலுக்கு நம்ம ரெண்டு பேர்தானே போறோம். புதுசுல சேறு பட்டுடும்" என்றீர்கள்.

சேறு படவில்லைங்க. அர்ச்சனை முடிந்து திரும்பும்போது பைபாஸில் தண்ணீர் கட்டி நின்றது. முன்னால் போன ஷேர் வேன் நின்றது, நீங்கள் பிரேக்கை மிதித்தீர்கள். வண்டி நிற்கவில்லை. அப்படியே வழுக்கிக்கொண்டு போய் நடுச்சுவரில் உங்கள் பக்கம் மோதியது. அர்ச்சனைத் தட்டிலிருந்த தேங்காய் மூடி உங்கள் மடியில் கிடந்தது. வேனில் வந்தவர்கள் என்னை வெளியே இழுத்தார்கள். உங்களை இழுக்க அவசரப்படவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பையன் ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸியில் வந்தான். மறுநாள் ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். தூங்கவே முடியவில்லை, ரூம் பூராவும் ரப்பர் நாற்றம், இதையெல்லாம் யாராவது படுக்கிற அறையில் வைப்பார்களா என்றான். யாருக்காக வைத்தது என்று சொல்ல வாய்வரை வந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இன்று பாய் வந்து புடவையை விலக்கினார். பக்கவாட்டில் அச்சடித்திருந்த தயாரிப்பு வருஷத்தைக் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். புது டயரில் முளைத்திருக்கும் சின்னச் சின்ன ரப்பர் முடிகூட உதிரவில்லை. "ரோட்டையே பாக்காத டயரும்மா. ஆனா வச்சே இறுகிப்பூட்ச்சி. வெடிப்பு வுட்டுகீது பாருங்க. இனிமே மாட்னா ஆளக் காலி பண்ணிரும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. பாய் பயந்துபோய்த் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பழைய ரப்பரோடு போட்டுவிடச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். வாசலில் ஒன்று அவர் கைநழுவித் தெருமுனை வரை உருண்டு ஓடியது. சத்தமே இல்லைங்க. நீங்கள் நல்ல டயராகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள்.

மாடியை வாடகைக்கு விடப்போவதில்லை. இனிமேல் நான்தான் அங்கே படுக்கப்போகிறேன், ஏசியைப் போட்டுக்கொண்டு. படியேறத் தொடை வலிக்கும். அன்றைக்கு உடைந்த எலும்புக்கு வைத்த கம்பி அதில் இருக்கிறது. இந்த வீட்டில் எனக்கென்று வாங்கி, எடுத்து வைக்காமல் உடனே மாட்டிய புதுப் பொருள் அது ஒன்றுதான். அதிலும் இரண்டு தினுசு இருப்பதாக டாக்டர் சொன்னார். உசத்தியானது உடம்போடு நன்றாகச் சேரும், சாதாரணமானது மழைக்காலத்தில் கொஞ்சம் வலிக்கலாம் என்று பையனிடம் விளக்கினார். நான் அரை மயக்கத்தில் கண்ணை மூடிக் கிடந்தேன்.

"அம்மாவுக்குத்தானே டாக்டர், இதுவே போதும்" என்று கேட்டது.

குரல் அச்சு அசல் உங்களுடையது. நீங்கள் பிழைத்து எழுந்து வந்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். ஒரு நொடி என் மனசு அப்படிக் குளிர்ந்தது. அப்புறம் கண்ணைத் திறந்து பார்த்தேன், பையன் நின்றுகொண்டிருந்தான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டுவிட்டது. கம்பி வலிக்கத் தொடங்கிவிட்டது. உங்களைத் திட்டிக்கொண்டே காலை நீவிக்கொண்டிருக்கிறேன்.