எலிலி என்று எனக்கு மகள் இல்லை

அனுப்புநர்:
எழிலியின் தாய்,
மருந்தாளுநர்,
கதவு எண் 14, மாடிப் பகுதி, மூன்றாம் குறுக்குத் தெரு.
(தங்கள் கோப்பில்: மனுதாரர், பதிவு எண் 2217)

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம்.

பொருள்: என் மகளின் பிறப்புப் பதிவில் அலுவலகத்தாரால் பிழையாக ஏற்றப்பட்ட பெயரைத் திருத்தக் கோருதல் மற்றும் பத்து ஆண்டுகளாகத் திருத்தப்படாததால் நேர்ந்ததைத் தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் அளித்த ஆறு மனுக்கள். அவற்றுள் பதில் கிடைத்தது: ஒன்றுக்கு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவைத் தாங்களே படிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். முந்தைய ஆறும் ஐந்தாம் சாளரத்தைத் தாண்டித் தங்கள் மேசைக்கு வந்தனவா என்பது எனக்குத் தெரியாது. தங்கள் அறைக் கதவில் தங்கள் பெயர் பித்தளைத் தகட்டில் பொறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு புள்ளிகூட விடுபடாமல் இருக்கிறது.

1. என் மகளின் பெயர் எழிலி. மூன்றே எழுத்து. மழைமேகம் என்று பொருள். என் கணவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அவள் பிறந்த கோடையில் ஊர் முழுக்கக் குழாய்கள் காற்றைத்தான் கக்கின. அவர் வீட்டுக்கு வந்ததே சட்டை மாற்றிக்கொள்ளத்தான். பிரசவ வார்டுக்குக் குழந்தையைப் பார்க்க வந்த அன்று அவர் ஜன்னல் பக்கம் போய் நின்று, "வானத்துல ஒண்ணு தெரியுது. பொண்ணுக்கு அதையே பேரா வெச்சிடலாமா?" என்று கேட்டார். மேகம் என்று யார் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள் என்றேன். பக்கத்துக் கட்டிலில் பிள்ளை பெற்றிருந்த பள்ளி ஆசிரியைதான் மேகத்துக்கு இப்படியும் ஒரு சொல் உண்டு என்று எடுத்துக்கொடுத்தார். கணவர் அதை நாலைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டு லாரிக்குத் திரும்பிப் போனார்.

2. பதிவுப் படிவத்தை நிரப்பியதும் அவர்தான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கையெழுத்து கொஞ்சம் கோணும். அந்தப் பயத்தில் ‘ழ’கரத்தை மட்டும் பேனாவால் இரண்டு முறை அழுத்தி எழுதியிருந்தார். தங்கள் அலுவலகத்தில் அதைப் பதிவேட்டில் ஏற்றியவர் ‘எலிலி’ என்று ஏற்றிவிட்டார். மூன்றாம் மாதம் சான்றிதழைக் கையில் வாங்கியபோதே நான் கேட்டேன். சாளரத்தில் இருந்தவர் தலை நிமிராமல், "ஒரு எழுத்துதானம்மா. ஸ்கூல்ல சேர்க்கும்போது மாத்திக்கலாம்" என்றார். இடுப்பில் கைக்குழந்தை, பின்னால் நீண்ட வரிசை. நம்பி வந்துவிட்டேன். அது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

3. பள்ளியில் சேர்க்கும்போது மாறவில்லை. "சர்டிஃபிகேட்ல என்ன இருக்கோ அதான் ரெஜிஸ்டர்ல வரும். அங்க மாத்திட்டு வாங்க, இங்க தானா மாறும்" என்றார் தலைமையாசிரியர். அங்கே என்பது இங்கே. மீண்டும் வந்தேன். பிழைத்திருத்தத்துக்கு உரிய காலக்கெடு கடந்துவிட்டதாகவும், இனிப் ‘பெயர் மாற்றம்’ என்ற தலைப்பில்தான் விண்ணப்பிக்க முடியும் என்றும் பிரிவு எழுத்தர் தெரிவித்தார். அதற்கான படிவத்தைத் தந்தார். அதில் அச்சிட்டிருந்த வாசகம் இது: "என் குழந்தைக்கு நான் ............ எனப் பெயரிட்டிருந்தேன். தற்போது என் சொந்த விருப்பத்தின்பேரில் அதனை ............ என மாற்றிக்கொள்கிறேன்."

4. நான் கையெழுத்திடவில்லை. என் குழந்தைக்கு எலிலி என்று நான் பெயரிடவில்லை. என் சொந்த விருப்பம் எதுவும் மாறவுமில்லை. பிழை செய்தவர் அலுவலகத்தில் இருக்க, பெற்றவள் ஏன் தன் கைப்பட அதைத் தன்னுடையதாக எழுதிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். "எல்லாரும் எழுதிக் குடுக்குறாங்கம்மா, நீங்கதான் வம்பு பண்றீங்க" என்றார். என் கணவர் பூர்த்தி செய்த மூலப் படிவத்தின் நகலைக் கேட்டு மனுச் செய்து, ஏழு மாதம் அலைந்து வாங்கி, அவர் முன் விரித்தேன். அழுத்தி எழுதிய ‘ழ’ பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ழதான். நான் இல்லைன்னு சொல்லலையே. ஆனா பதிவேடுன்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார்.

5. இதற்கிடையில் பள்ளியில் என் மகளை ‘எலி’ என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது ஆசிரியை எலிலி என்பார். பின் வரிசையிலிருந்து ‘கீச்’ என்று ஒரு சத்தம் வரும். முதல் வகுப்பு முழுவதும் அவள் எழுந்து நின்று, "டீச்சர், ழி" என்று திருத்தியிருக்கிறாள். இரண்டாம் வகுப்பில் ஒரு தேர்வுத்தாளில் தன் சரியான பெயரை எழுதிவிட்டாள். அந்தத் தாள் ‘உரியவர் இல்லை’ என்ற கட்டில் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு பள்ளியில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் எழுதப் பழகிக்கொண்டாள். நோட்டுப் புத்தக அட்டையில் அவள் எலிலி என்று அழகாக, கோடு பிசகாமல் எழுதியிருந்ததை ஒருநாள் பார்த்தேன்.

6. பிழை என்பதும் தொற்று வியாதி போலத்தான் போலிருக்கிறது. தடுப்பூசி அட்டையில் ‘எளிலி’. ஓவியப் போட்டிச் சான்றிதழில் ‘எழிளி’. நூலக அட்டையில் ‘செல்வன் எழில்’, அதாவது பையனாகவே ஆக்கிவிட்டார்கள். பேருந்து அட்டையில் ‘எலிசி’. ஒவ்வொரு இடத்திலும் நின்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலர், பெயர் வைக்கும்போதே வாயில் நுழைகிற மாதிரி வைத்திருக்கலாமே என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். என்னைப் பிடிவாதக்காரி என்று நினைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஐயா, நான் பதினாறு ஆண்டுகளாக மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். கோழி கிளறியது போன்ற கையெழுத்தில் வரும் சீட்டுகளை நாள் முழுவதும் படிக்கிறேன். ஓர் எழுத்து தடுமாறினால் சர்க்கரைக்காரருக்குப் போக வேண்டிய மாத்திரை இதயக்காரருக்குப் போய்விடும். சந்தேகம் வந்தால் எழுதிய மருத்துவரையே ஃபோனில் கூப்பிட்டுக் கேட்பேன். எரிந்து விழுவார்கள். விழட்டும் என்று கேட்பேன். என் வேலை எனக்குக் கற்றுத்தந்த பிடிவாதம் அது.

7. என் மகளுக்கு நான்கு வயதில் ஒரு காய்ச்சலின்போது பென்சிலின் வகை ஊசி ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. குழந்தைகள் மருத்துவர் மருத்துவமனை அட்டையில் சிவப்பு மையில், இம்மருந்து இக்குழந்தைக்கு எந்நாளும் கூடாது என்று எழுதி அடிக்கோடிட்டார். அந்த அட்டையில் பெயரை எழுதியது நான். எழிலி என்று எழுதினேன். பள்ளியில் சேர்த்த ஆண்டில் இதே விவரத்தை அங்கும் கடிதமாகக் கொடுத்தேன். அதிலும் எழிலி என்றுதான் எழுதினேன்.

8. பிறகு மருத்துவமனையில் அட்டைகளை ஒழித்துவிட்டுக் கணினிக்கு மாறினார்கள். பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். கொடுத்தேன். எலிலி என்ற புதிய குழந்தை ஒன்று கணினியில் பிறந்தது. சிவப்பு மை எழுதிய அட்டை எழிலி என்ற பெயரோடு கிடங்கில் தங்கிவிட்டது. இரண்டையும் ஒன்றாக்கக் கோரினேன். பெயர் பொருந்தவில்லை என்றும், பிறப்புப் பதிவைத் திருத்தி வந்தால் இணைப்பதாகவும் சொன்னார்கள். அதற்காகத் தங்களிடம் அளித்ததுதான் ஐந்தாவது மனு. அது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு.

9. சென்ற மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பள்ளி மைதானத்து வேலிக் கம்பியில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். துருப்பிடித்த கம்பி. விளையாட்டு ஆசிரியை எனக்கு நான்கு முறை அழைத்திருக்கிறார். கடையில் வேலை நேரத்தில் எங்கள் ஃபோன்கள் இழுப்பறையில் இருக்க வேண்டும் என்பது விதி. அவர் வகுப்புக் கோப்பைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். எலிலி பற்றி எந்தக் கடிதமும் இல்லை. என் கடிதம் ‘பெயர் பொருந்தாதவை’ என்ற உறையில் இருந்ததைப் பின்னர் கண்டுபிடித்தோம். அவளை அதே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே எலிலி என்று தட்டிப் பார்த்தார்கள். கணினியில் எந்தத் தடையும் இல்லை.

செவிலியர் குழந்தையையே கேட்டிருக்கிறார். அவர் நல்லவர், ஐயா. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. "உனக்கு எதாவது ஒத்துக்காதாம்மா?" என்றிருக்கிறார். என் மகள், "ஊசி ஒத்துக்காது" என்றிருக்கிறாள். "எல்லாப் பிள்ளைங்களும் அதைத்தான் சொல்லுதுங்க" என்று அவர் கன்னத்தைத் தட்டிச் சிரித்திருக்கிறார். பிறகு, புண் சீழ் பிடிக்காமலிருக்க எழுதியிருந்த பென்சிலின் ஊசியைப் போட்டிருக்கிறார்.

10. நான் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய உதடுகள் இரண்டும் வீங்கி, முகம் வேறு யாருடையதோ போல் இருந்தது. மூச்சு சீட்டி அடித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள் இருந்தாள். பிழைத்துக்கொண்டாள். தொண்டைக்குள் குழாய் விட்டதால் குரல் இன்னும் கம்மியே இருக்கிறது.

11. விசாரணை கேட்டு எழுதினேன். மருத்துவமனை நிர்வாகம் பதில் அனுப்பியுள்ளது. இரண்டு வரிகளை அப்படியே தருகிறேன்: "எலிலி என்ற நோயாளிக்கு ஒவ்வாமை இருந்ததாகப் பதிவு ஏதும் இல்லை. எழிலி என்ற பெயரில் நோயாளி எவரும் அன்றைய தினம் அனுமதிக்கப்படவில்லை." இரண்டும் உண்மை. யாரையும் குற்றம் சொல்ல வழியில்லாதபடி உண்மை. எலிலிக்கு எதுவும் ஆகவில்லை, எழிலி அங்கே வரவேயில்லை. அப்படியென்றால் கட்டிலில் மூச்சுக்குத் தவித்தது யார் என்று கேட்க எந்தப் படிவமும் இல்லை.

12. இப்போது சொல்லப்போவதை இதுவரை எந்த மனுவிலும் எழுதவில்லை. என் கணவர் அந்தப் பெயர் மாற்றப் படிவத்தை வீட்டில் இரண்டு முறை எடுத்து என் முன் வைத்தார். "கையெழுத்துதானே கேக்குறாங்க, போட்டு விடேன். நாம என்ன பேர் வெச்சோம்னு நமக்குத் தெரியாதா?" என்றார். "வெச்சது நீங்க. எலிலின்னு வெச்சேன்னு நீங்களே எழுதிக் குடுங்க" என்றேன். பேனாவை எடுத்தார். சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். மூடி வைத்துவிட்டார். அத்தோடு அந்தப் பேச்சு வீட்டில் நின்றது. மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்களில் ஒருவர் அந்தப் பொய்யை எழுதியிருந்தால் இரண்டு பதிவும் ஒன்றாகியிருக்கும். கணினி தடுத்திருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யார் செய்த பிழைக்காகவோ நாங்கள் இருவரும் குற்றவாளிகளைப் போல் உட்கார்ந்திருந்தோம் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

13. மீண்டும் பள்ளிக்குக் கிளம்பிய முதல் நாள் காலையில், தலை பின்னிக்கொண்டிருந்தபோது, அந்தக் கம்மிய குரலில் மகள் கேட்டாள்: "அம்மா, ஆஸ்பத்திரியில எந்தப் பேரைச் சொன்னா ஊசி போட மாட்டாங்க?"

கடைக்கு வருபவர்கள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லிப் பழகியவள் நான். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள், தலை சுற்றுமா என்று எதைக் கேட்டாலும் சொல்வேன். அன்று போட்டு முடித்த பின்னலை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து பின்னினேன். அவள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

14. ஆகவே இம்மனுவுடன் இரண்டு படிவங்களை இணைத்துள்ளேன். முதலாவது பிழைத்திருத்தம் கோரும் விண்ணப்பம். மூலப் படிவத்தின் நகல், மருத்துவமனை அட்டையின் நகல், நிர்வாகத்தின் கடிதம் ஆகியவை அதனுடன் உள்ளன. காலக்கெடு கடந்த நேர்வுகளில் பதிவாளர் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தித் திருத்தலாம் என்று தங்கள் அறிவிப்புப் பலகையிலேயே ஏழாவது வரியில் இருக்கிறது. பெஞ்சில் காத்திருந்த நாட்களில் அதை மனப்பாடம் செய்துவிட்டேன்.

இரண்டாவது, பெயர் மாற்றப் படிவம். அதில் என் குழந்தைக்கு எலிலி என்று நான் பெயரிட்டதாக என் கையால் எழுதிக் கையெழுத்திட்டுள்ளேன். என் கணவரும் கையெழுத்திட்டுள்ளார். அது பொய் என்பது எனக்கும் அவருக்கும் ஐந்தாம் சாளரத்துக்கும் தெரியும். இதுவரை படித்திருந்தால் தங்களுக்கும் தெரியும். பொய்யான உறுதிமொழி அளிப்பது தண்டனைக்குரியது என்று அதே படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதையும் படித்த பிறகே கையெழுத்திட்டேன்.

தாங்கள் முதலாவதில் ஒப்பமிட்டால், இரண்டாவதை என் கண் முன்னால் கிழித்துப் போடுமாறு வேண்டுகிறேன். முடியாதென்றால் இரண்டாவதை ஏற்றுக்கொள்ளுங்கள். நான் மறுத்துப் பேசமாட்டேன். என் பிள்ளை இரண்டு பேராக இருப்பதைவிட நான் ஒரு பொய்க்காரியாக இருந்துவிட்டுப் போகிறேன்.

கடையில் இன்று விடுப்புச் சொல்லியிருக்கிறேன். தாங்கள் எந்தப் படிவத்தை எடுத்தீர்கள் என்று தெரியும் வரை வெளியே காத்திருக்கிறேன்.

நாள்: ஜூலை 9, திங்கட்கிழமை
இடம்: தங்கள் அலுவலகம், ஐந்தாம் சாளரத்துக்கு எதிர்ப் பெஞ்சு

கையொப்பம்,
எழிலியின் தாய்