குமரனின் கிளாஸ்

நவம்பர் 14, வெள்ளி

போன மாதம் மாரடைப்பில் செத்துப்போன ரூம்மேட் குமரன் வாங்கிவைத்த ஜப்பான் அரிசி மது, சாக்கே பாட்டிலை இன்று சாயங்காலம் திறந்தேன். விலை கம்மி, ஆனால் உசத்தி ரகம் என்று பீற்றிக்கொள்வான். "ஜப்பான் வழக்கப்படி நமக்கு நாமளே ஊத்திக்கக் கூடாதுடா. எதிர்ல இருக்கறவன்தான் ஊத்தணும்" என்பான். அவன் கிளாஸை எதிரில் வைத்து நிரப்பினேன். எனக்கு ஊற்ற ஆளில்லை. நானே ஊற்றிக் குடித்தேன். ஜில்லென்று, பேரிக்காய் வாசனையோடு, வழுக்கிக்கொண்டு இறங்கியது. பாவி, சரியாகத்தான் வாங்கியிருக்கிறான்.

மிக்சர் எடுக்க கிச்சனுக்குப் போய்த் திரும்பினால் அவன் கிளாஸ் காலி. என்னுடையது விளிம்பு வரை நிரம்பியிருந்தது. துபாயில் இந்தக் கராமா ஏரியா ரூமில் இப்போது நான் மட்டும்தான். கதவு உள்தாழ்ப்பாள். பயத்தில் அதையும் குடித்துவிட்டேன்.

எழுதும்போதும் எதிரில் அவன் கிளாஸ் காலியாகவே இருக்கிறது. வழக்கப்படி இப்போது ஊற்ற வேண்டியது நான்.