தோற்கும் வரை பவுலின் பெயரில்

அனுப்புநர்
சௌ. சின்னப்பா,
பைக் சீட் தைப்பவர் (இப்போது கண் ஒத்துழைக்கும் நாளில் மட்டும்),
நீலசந்திரா,
பெங்களூரு.

பெறுநர்
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சவுத் பரேட் குதிரைப் பந்தய மன்றம்,
பெங்களூரு.

பொருள்: டிரெய்னர்களின் வெற்றி சதவீதத்தை வைத்துக் குதிரை கட்டும் ஸ்டால்கள் ஒதுக்குவது – இதனால் டிரெய்னர் செல்வி பவுலினுக்கு நேரும் அநியாயம் – சதவீதக் கணக்கைத் திருத்தி அவருடைய நான்கு ஸ்டால்களையும் பறிக்காமல் இருக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே விஷயமாக நான் முன்பு கொடுத்த இரண்டு மனுக்கள். ஒன்று தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது என்கிறார்கள். மற்றது எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நேரம் பொன் போன்றது என்று வாசலில் செக்யூரிட்டி பலமுறை சொல்லிவிட்டார். ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதப் பார்க்கிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். கன்னடம் வாய்க்கு வரும், கைக்கு வராது. இங்கிலீஷ் ரேஸ் புக் படிக்கும் அளவுக்கு மட்டும். அதனால் இந்த மனு தமிழில் இருக்கிறது. தங்கள் தபால் பிரிவில் இருக்கும் ஜோசஃபின் அம்மா தமிழ் படிப்பார். வாசித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நடுவில் அவர் சிரித்துவிட்டால் அவருக்கு மெமோ கொடுக்க வேண்டாம். குற்றம் எழுதினவனுடையது.

1. நான் தங்கள் மைதானத்தில் இரண்டாம் வகுப்பு கேலரிக்கு எத்தனையோ வருடமாக வருகிறவன். டிக்கெட் வாங்கித்தான் வருகிறேன். குதிரையைப் பார்த்துப் பணம் கட்டுகிறவன் ஒரு ரகம், ஜாக்கியைப் பார்த்துக் கட்டுகிறவன் ஒரு ரகம். கனவில் வந்த நம்பருக்குக் கட்டுகிறவனும் உண்டு, அவனைப் பற்றி நான் பேசவில்லை. நான் டிரெய்னரைப் பார்க்கிறவன். குதிரைக்கு வாய் கிடையாது, ஜாக்கி சொல்வதெல்லாம் பொய். ஆனால் எந்த டிரெய்னர் எத்தனை குதிரை ஓடவிட்டார், அதில் எத்தனை ஜெயித்தது என்பது தங்கள் ரேஸ் புக்கின் கடைசிப் பக்கத்தில் அச்சாகிறது. அந்தப் பக்கத்தை நான் பைபிளுக்கு அடுத்தபடி நம்பினேன். எங்கள் பங்குச்சாமியார் கேட்டால் இந்த வரியை மட்டும் அடித்துவிடவும்.

2. போன சீசனிலிருந்து மன்றம் ஒரு புது விதி போட்டிருக்கிறது. தொடர்ந்து இரண்டு சீசன் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக ஜெயிக்கும் டிரெய்னருக்கு ஸ்டால் கிடையாது. விதி தப்பு என்று நான் சொல்லவில்லை. சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு குதிரைக்குக் கொள்ளு போடுகிறவர்களை எனக்கும் தெரியும். ஆனால் அந்த விதியில் முதலில் மாட்டிக்கொண்டவர் பவுலின். கடைசிப் பக்கத்தில் அவர் பெயருக்கு நேரே இருப்பது இரண்டு சதவீதம். எங்கள் கேலரியில் அவருக்கு “ரெண்டு பர்சென்ட் மேடம்” என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

3. அந்த இரண்டு சதவீதம் எப்படி வந்தது என்பதுதான் இந்த மனு. தங்கள் மைதானத்தில் ஒரு பெரிய டிரெய்னர் இருக்கிறார். பெயர் எழுதவில்லை. எழுதினால் கோர்ட்டுக்கு இழுப்பார், எனக்கு பஸ்ஸுக்கு நடப்பதே கஷ்டமாக இருக்கிறது. அவரிடம் கால் வீங்கின குதிரை, மூச்சு வாங்குகிற குதிரை, ஓட்டம் தொடங்குகிற கேட்டுக்குள் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கிற குதிரை எது வந்தாலும் அதை பவுலின் பெயருக்கு மாற்றி அனுப்பிவிடுவார்கள். முதலாளி ஒருவரே. டிரெய்னர் பெயர் மட்டும் மாறும். பவுலின் அதை மாதக்கணக்கில் வைத்துப் பார்ப்பார். காலுக்குக் குளிர்ந்த தண்ணீர் அடிப்பார், கட்டுப் போடுவார், காலையில் மண் தடத்தில் மெல்ல நடக்கவிடுவார். பிறகு ஓடவிடுவார். நோயில் கிடந்து எழுந்த குதிரை முதல் ஓட்டத்தில் எங்கே ஜெயிக்கும்? கடைசி வரும். அடுத்தது ஏழாவது வரும். அப்புறம் ஒருநாள் நாலாவது வரும். நாலாவது வந்தது என்றால் குதிரை தயார் என்று அர்த்தம். அந்த வாரமே டிரெய்னர் மாற்றும் பேப்பர் வந்துவிடும். குதிரை பெரிய கொட்டகைக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து ஓடி, ஜெயித்துவிடும்.

ஆகத் தோல்வி எல்லாம் பவுலின் பெயரில். ஜெயம் அந்தப் பெரிய டிரெய்னர் பெயரில். விதிப்படி இதில் எதுவும் தப்பில்லை என்று தங்கள் கவுன்ட்டரில் சொன்னார்கள். நானும் விதிப்படி தப்பு என்று சொல்லவில்லை ஐயா. நெல் நாற்று ஒருத்தி நட்டாள், களை எடுத்தாள், தண்ணீர் கட்டினாள். அறுவடை அன்றைக்கு மட்டும் பட்டா வேறு பெயரில். இதற்கு தங்கள் புத்தகத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

4. உதாரணத்துக்கு ஒன்று. ‘சண்டே பெல்’ என்ற செம்பழுப்புப் பெண் குதிரை. முன்னங்கால் நரம்பு போய், கல்யாண ஊர்வலத்துக்குக்கூட ஆகாது என்று முதலாளி கைவிட்டது. மழைக்காலம் முழுக்க பவுலினிடம் நின்றது. நாலாவதாக வந்த மறுவாரமே கைமாறியது. பெரிய கொட்டகையிலிருந்து ஓடின முதல் ஓட்டத்திலேயே மூன்று குதிரை நீளத்தில் ஜெயித்தது. போட்டோ எடுக்க அழைத்து வரும் வழியில் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் பவுலின் நின்றிருந்தார். குதிரை அவர் முன்னால் வந்து நின்றுவிட்டது. குதிரையைப் பிடித்து வந்த சைஸ் கயிற்றை இழுத்தும் நகரவில்லை. மாலை போட வந்தவர்கள் சிரித்தார்கள். பவுலின்தான் “ஏய் போடி, உன்னத்தான் கூப்பிடறாங்க” என்று விரட்டினார். அப்புறம்தான் போனது. குதிரைக்கு தங்கள் கடைசிப் பக்கம் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

5. இது ஒரு குதிரையின் கதை என்று தள்ளிவிட வேண்டாம். இரண்டு சீசனில் ஒன்பது குதிரைகள் பவுலினை விட்டு அந்தக் கொட்டகைக்குப் போயின. அதில் ஆறு, போன முதல் இரண்டு ஓட்டத்துக்குள் ஜெயித்தன. யாரும் ரகசியமாக எனக்குச் சொன்னதில்லை. தாங்கள் அச்சடித்து விற்கிற புத்தகத்தில் எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே இருக்கிறது. தங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அமுக்கினால் என்னைவிடச் சீக்கிரம் வந்துவிடும். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருப்பதால் கொஞ்சம் நாளானது.

6. பாதிக்கப்பட்டவர் ஏன் மனு கொடுக்கவில்லை என்று தாங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அங்கிள், நீங்க வாய வெச்சிட்டு சும்மா இருங்க. நான் ஏதாவது பேசினா இப்ப வர்ற நொண்டியும் வராது.” அதற்கு நான், நொண்டிக்கு நொண்டிதான் துணை, என் முழங்காலையும் ஒரு ஸ்டாலில் கட்டிக்கொள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பார். இந்த மனு அவருக்குத் தெரியாமல் எழுதப்படுகிறது என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பெரிய கொட்டகையில் யாராவது விசாரித்தால், ஒரு வேலையில்லாத கிழவன் தானாக எழுதினான் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

7. ஸ்டால் போனால் டிரெய்னர் லைசென்ஸ் சுவரில் மாட்டி வைக்கத்தான் ஆகும். ரைடிங் வேலையில் சேர்ந்து, விழுந்து, தோள் எலும்பு ஒடிந்து, பரீட்சை எழுதி வாங்கின லைசென்ஸ் அது. எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் அவரை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் குட்டைக் குதிரையில் ஏற்றி, நீச்சல் குளத்தைச் சுற்றி அழைத்து வர வேண்டும். கௌரவமான வேலைதான். ஆனால் கால் வீங்கின அடுத்த குதிரையை மன்றம் யாரிடம் அனுப்பும்? பெரிய கொட்டகையில் அதற்குப் பொறுமை கிடையாது. அங்கே பொறுமை வைத்தால் சதவீதம் குறைந்துவிடும்.

8. இந்த மனுவைச் சேர்க்க நான் பட்ட பாட்டைச் சொன்னால் அதற்குத் தனி மனு வேண்டும். முதல் தடவை போனபோது இங்கிலீஷில் கொண்டு வரச் சொன்னார்கள். காசு கொடுத்து டைப் அடித்துக்கொண்டு போனேன். ஸ்டால் விஷயம் என்றால் வேறு மாடி என்றார்கள். அந்த மாடியில், டிரெய்னர்தான் மனு கொடுக்க முடியும், பொதுஜனம் கொடுக்க முடியாது என்றார்கள். பொதுஜனத்தின் பணம் மட்டும் எந்த மாடியிலும் செல்லுகிறதே என்று கேட்டேன். அதற்கு அந்தத் தம்பி, “அஜ்ஜா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி”, அதாவது தாத்தா, கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல பிள்ளை. டீயும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படிக்கட்டு ஏறி இறங்கி எனக்கு அலுத்துவிட்டது ஐயா. கோபப்பட்டுக் கத்துகிற வயதும் போய்விட்டது. இதுதான் கடைசியாக எழுதுவது.

9. நான் வேண்டுவது பெரிய காரியம் இல்லை. ஒரு குதிரை டிரெய்னர் மாறின பிறகு முதல் இரண்டு ஓட்டத்துக்குள் ஜெயித்தால், அந்த ஜெயத்தில் பாதியை முந்தைய டிரெய்னர் கணக்கிலும் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் பவுலினின் இரண்டு சதவீதம் ஐந்தைத் தாண்டிவிடும். தாண்டுகிறதா இல்லையா என்று தங்கள் ஆபீஸிலேயே போட்டுப் பார்க்கட்டும், என் கணக்கை நம்ப வேண்டாம். அது முடியாது என்றால், இந்த மாதக் கடைசியில் கூடுகிற ஸ்டால் கமிட்டியில் இந்த ஒன்பது குதிரைகளின் பெயரையாவது ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். அதன் பிறகும் அவருடைய ஸ்டாலை எடுக்கக் கமிட்டிக்கு மனம் வந்தால், எடுத்துக்கொள்ளட்டும்.

10. நியாயமாக இந்த மனுவில் நிறையக் கையெழுத்து இருந்திருக்க வேண்டும். எங்கள் கேலரியில் எல்லோருக்கும் இந்த விஷயம் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். ஏனென்றால், பவுலினை விட்டுப் போன குதிரைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம். பந்தயப் பணம் வாங்கும் புக்கியின் பலகையில் ஆட்ஸ் நல்லதாக இருக்கும், ஒன்றுக்குப் பல மடங்கு கிடைக்கும், வெளி ஆட்களுக்கு அது கடைசி வந்த குதிரையாகத்தான் தெரியும். இந்தக் கணக்கு அச்சில் வந்துவிட்டால் அந்த வழி அன்றே அடைபட்டுவிடும். என் பக்கத்து சீட் நோயல், நான் தினமும் பைக் சீட் தைத்த காலத்திலிருந்து சிநேகிதன், பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “உனக்கென்னடா பைத்தியமா, சோத்துல நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கற” என்றான். இரண்டு வாரமாக என் பக்கத்தில் உட்காருவதில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் வீட்டில் பெண் கல்யாணத்துக்கு இருக்கிறாள்.

இந்த இரண்டு சீசனில் எனக்கு வீட்டு வாடகை கொடுத்தது பவுலினை விட்டுப் போன குதிரைகள்தான் என்பதையும் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். வேறு எந்தக் குதிரையும் எனக்கு ஜெயித்ததில்லை. தாங்கள் இந்த மனுவை ஏற்றுக்கொண்டால் அடுத்த சீசனில் நான் மறுபடியும் பழையபடி தோற்கிறவன்தான். தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் டிக்கெட் கவுன்ட்டருக்கு விசுவாசமான,
(ஒப்பம்) சௌ. சின்னப்பா

இடம்: நீலசந்திரா, பெங்களூரு
நாள்: 12.09.2024

இணைப்பு: ரேஸ் புக்கின் கடைசிப் பக்கம், இரண்டு சீசனுக்கும். டீக்கறை என்னுடையது.