பக்கம் இல்லாத உயிர்

8 ஜூலை 2025

மச்சான், இந்நேரத்துக்கு எழுதுவதற்கு மன்னிக்கணும். சவூதிக்கு, தம்மாமில் உங்களுக்குப் போன் போட்டால் மாமி பக்கத்திலேயே நிற்கிறார்கள். அதனால் உங்களிடம் பேச வேண்டியதை இந்த நோட்டிடம் பேசுகிறேன். நம் ஆதிலுக்கு ஒன்றேகால் வயது. இன்னும் கூப்பிட்டால் திரும்புவதில்லை.

இன்றும் அதைச் சொன்னேன். மாமி கேஸ் சிலிண்டரை உருட்டி வந்து தரையில் ணங்கென்று நிமிர்த்தினார்கள். பிள்ளை சட்டென்று திரும்பினான்.

"பாத்தியாட்டி? எம் பேரனுக்குக் காது கேக்கலன்னு சொல்லுதியே! ஒம் மச்சானே நாலு வயசுலதான் வாயத் தொறந்தான். இப்பம் போன வைக்கச் சொன்னா வைக்கானா?"

சிரித்துவிட்டேன். மனசு கொஞ்சம் லேசானது.

10 ஜூலை

கல்லூரி விலங்கியல் வகுப்பில் இன்று ஹைட்ரா என்ற குட்டி நீர்வாழ் உயிரைப் பற்றிப் பாடம் எடுத்தேன். பாளையங்கால்வாய்ப் பாசியில் கிடைத்தவை, கண்ணாடித் தட்டில் நூல்துண்டு போல நீண்டு நின்றன. ஒரு மாணவி மேசையைத் தட்டினாள். அத்தனையும் சுருங்கிப் புள்ளியாகிவிட்டன.

"மேடம், இதுக்குக் காது கேக்குமா?"

"காதே கிடையாதும்மா. அதிர்வு பட்டுச் சுருங்குது."

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். சிலிண்டர் — தரை அதிர்வு —

வீட்டுக்கு வந்ததும் ஆதிலை மெத்தையில் உட்கார வைத்து, பின்னால் நின்று கைதட்டினேன். கூப்பிட்டேன். கத்தினேன். அவன் பொம்மையைக் கடித்துக்கொண்டிருந்தான். யா அல்லாஹ்.

22 ஜூலை

பரிசோதனை முடிந்தது. இரண்டு காதும் கேட்கவில்லை. மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள்.

23 ஜூலை

மாமி சொன்னார்கள்: "எம் பக்கம் செவிடு யாருமில்ல. ஒம் பக்கம் பாரு. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு காலேஜில அந்தப் பூச்சியக் கிண்டிக்கிட்டுல்லா கெடந்த!"

ஹைட்ராவைத்தான் பூச்சி என்கிறார்கள்; அதனால் வராது என்று எனக்குத் தெரியும். பாடம் நடத்துகிறவள்தானே? ஆனாலும், என்னாலதானா?

30 ஆகஸ்ட்

முடிவு வந்துவிட்டது. மரபணுவில் ஒரே பழுது, இரண்டு பிரதி.

ஹைட்ரா தன் உடம்பிலேயே மொட்டு விட்டுக் குட்டியைப் பிரித்துவிடும். அந்தக் குட்டிக்கு இருப்பதெல்லாம் ஒற்றைத் தாயுடையது. அங்கே தாயைக் குற்றம் சொல்லலாம். நம் பிள்ளைக்கு ஒன்று நான் கொடுத்தது, ஒன்று நீங்கள் கொடுத்தது. மாமி என் வாப்பாவின் கூடப்பிறந்தவர். நம் இரண்டு பேருக்கும் ஒரே வீட்டிலிருந்து வந்திருக்கும் என்கிறார் டாக்டர். இதில் எது அவர்கள் பக்கம், எது என் பக்கம்? ஹைட்ராவுக்கு மேலும் கீழும் உண்டு, இடமும் வலமும் கிடையாது. அதனிடம் போய் எந்தப் பக்கம் என்று கேட்க முடியாது.

மாமியிடம் சொன்னேன். ஆதிலை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பிறகு, "அப்பம் எங்க வாப்பாகிட்ட இருந்தா வந்துச்சு?" என்றார்கள்.

"தெரியாது மாமி. நல்லாக் காது கேக்கவங்ககிட்டயும் ஒளிஞ்சு கெடக்கும்."

மாமி அழுதார்கள். நானும்.

6 செப்டம்பர்

மச்சான், இந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புகிறேன். சோதனை முடிவைத்தான் போனில் சொன்னேனே. காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன் செய்யலாமாம். தள்ளிப்போட்டால் பேச்சு வருவது கஷ்டம் என்கிறார்கள். ஹைட்ராவை இரண்டாக வெட்டினாலும் இரண்டும் முழுசாக வளரும். நம் பிள்ளைக்கு எதுவும் தானாக வளராது. "மண்டையத் தொளைக்கவா?" என்று சண்டை போட்ட மாமிதான் இன்று அவனைத் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் சம்மதமும் வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.