எட்டாவது வரி

பாய்,

கார்த்திகை தீபத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். காலையில் ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போது டின் கை நழுவி, பாதி காய்ந்த சுவரில் தெறித்துவிட்டது. சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவரிலிருந்த வெடிப்பில் எண்ணெய் இறங்கி, விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. "ஐயோ, கறை போகாதே!" என்று என் மனைவி புலம்புகிறாள். நான் உன் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் குந்திவிட்டேன். பைத்தியமா பிடிச்சிருக்கு என்று கேட்டாள். நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. பிடித்துத்தான் இருக்கிறது.

எதிலிருந்து ஆரம்பிப்பது? பரீட்சையிலிருந்தே வருகிறேன். எழுபதுகளின் நடுவில் நாம் இரண்டு பேரும் ஒரே அரிசி மில்லில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ தகரப் பட்டறைக்காரர் மகன், நான் கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளை. மணியாட்டப் போகாமல் நான் பாய்லர் பக்கம் வந்ததே உனக்குத் தீராத வேடிக்கை. அதனால்தான் கடைசிவரை என்னைச் "சாமி" என்றாய். இரண்டு பேருக்கும் ஒரே ஆசை. ஆவியும் காற்றும் அடைத்து வைக்கும் கலன்களைச் சோதித்து, "இது தாங்கும்" என்று கையெழுத்துப் போடுகிற இன்ஸ்பெக்டர் சான்றிதழ்.

எட்டுப் பாடம். எனக்கு வரிசையே மனதில் நிற்காது. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டி நடந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் நீதான் வழி கண்டுபிடித்தாய்.

"உங்க லிங்கம் எட்டு, நம்ம பாடமும் எட்டு. ஒண்ணுக்கு ஒண்ணு வெச்சுக்கோ சாமி. அக்னின்னா அடுப்பு. யமன்னா சேஃப்டி வால்வு, அது தொறக்கலன்னா யமன்தான? வருணன்னா தண்ணி டெஸ்ட்டு. வாயுன்னா காத்து."

"சரி, ஈசான்யம்?"

"கடைசி. கையெழுத்து. அதோட ஆட்டம் க்ளோஸ்."

மலையைச் சுற்றிச் சுற்றியே படித்தோம். கோயில் வீட்டுப் பிள்ளைக்கு எட்டு லிங்கத்தையும் வரிசை பிசகாமல் சொல்லிக்கொடுத்தது நீ. மெட்ராஸில் நேர்முகத் தேர்வு நடந்தபோது, "கலத்துல தண்ணி நிரப்பியாச்சு. பம்ப்பைப் போடறதுக்கு முன்னாடி எதைக் கவனிக்கணும்?" என்று அதிகாரி கேட்க, பதற்றத்தில் நீ, "வருண லிங்கம் முடிஞ்சா வாயு லிங்கம் சார்!" என்று உளறினாய். உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும் என்பதுதான் சரியான பதில். அந்த மனுஷர் சிரித்து ஓய்ந்து, "திருவண்ணாமலையா?" என்று கேட்டுவிட்டுப் பாஸ் போட்டார். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அந்தக் காகிதம் உனக்கு வெறும் காகிதமில்லை. "தகரக்காரன் மவனேன்னு கூப்ட்ட ஊரு, இப்ப சார்ங்குது சாமி" என்பாய். சொல்லும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வாய்.

ஆனால் வாங்கினால் மட்டும் போதாதே. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கண் டாக்டர் சான்று வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு படிக்கச் சொல்வார். எட்டு வரி, கீழே போகப் போக எழுத்து சின்னதாகும். மயிரிழை வெடிப்பைப் பார்க்க வேண்டியவன் எட்டாவது வரியைப் படித்தாக வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் சர்க்கரை உன் கண்ணில் கை வைத்தது. ஐந்தாவது வரியோடு உனக்கு எல்லாம் புகை.

"நீ முன்னாடி போய்ட்டு வந்து அதுல இன்னா கீதுன்னு சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றாய். சொன்னேன். மறுபடியும் மலை சுற்றினோம், மறுபடியும் லிங்கத்துக்கு ஒரு வரி. ஈசான்யத்துக்கு, "கிணற்றங்கரையில் இரண்டு வாழைமரங்கள் நின்றன." ஒப்பித்தாய், பாஸானாய். அதில் என் பங்கு பாதி. இல்லையென்று எந்த நாக்கால் சொல்வேன்?

அப்புறம் அந்த மில். நெல் அவிக்கும் ஆவித்தொட்டியில் பழைய வெல்டிங்கைப் பிரித்துப் புதிதாகப் போட்டிருந்தார்கள். வெளியே வெல்டிங் தையல் மேல் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் தடவினோம். ஓட்டை இருந்தால் வெள்ளையில் கறுப்பாகக் கசியும். நீ மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாய்.

"சுத்தமா கீது சாமி. எழுதிக்கோ."

பக்கத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த கூலிக்கார அம்மா ஒருத்தி துடுப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க சார், கறுப்பா ஓடுதே கோடு! எங்களுக்கே தெரியுதே!"

நீ ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "தெரியுதும்மா, தெரியுது. சாமி முழிச்சிருக்காரான்னு பாத்தேன்!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தத் தொட்டியிலிருந்து நாலடி தள்ளித்தான் அந்த அம்மாவும் மற்றப் பெண்களும் நாள் முழுக்க நின்று வேலை செய்வார்கள். அந்தக் கோடு உன் கண்ணுக்குத் தெரியவே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த புதுப்பிப்பு வந்தது. "அதே அட்டைதான சாமி?" என்று கேட்டாய். நான் ஒரு நாள் முன்னதாக என் சான்றுக்குப் போனேன். போனவன் டாக்டரிடம் என்ன சொன்னேன் என்பதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. "அட்டையை மாத்திடுங்க டாக்டர். நாளைக்கு வர்றவருக்கு அது மனப்பாடம்." அவ்வளவுதான் சொன்னேன். டாக்டர் தலையாட்டி, வேறோர் அட்டையை எடுத்து மேஜை டிராயரில் வைத்தார்.

கேள் பாய், இதுதான் என்னை அரிக்கிறது. அன்று சாயங்காலமும் உன்னோடு நடந்தேன். பழைய அட்டையை முதல் லிங்கத்திலிருந்து கடைசி லிங்கம்வரை உனக்கு எடுத்துக் கொடுத்தேன். நீ ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னாய். "சபாஷ்!" என்றேன். சீ, என்ன ஜென்மம் நான்!

மறுநாள் டாக்டர் வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போன வேகத்தில் வெளியே வந்துவிட்டாய்.

"டிராயரத் தொறந்தாரு சாமி. நான்தான் வேணாம்னுட்டேன். கண்ணு தெரியல டாக்டர், அப்டியே எழுதிக்குங்கன்னேன்."

"ஏன் பாய்? அவ்ளோ தூரம் படிச்சியே?"

"அந்தம்மா சொல்லிச்சே, எங்களுக்கே தெரியுதேன்னு. படுத்தா எழுந்தா அதுதான் காதுல கேக்குது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா?"

பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து என் கையில் திணித்தாய். "இனிமே எனக்கு ஏன் இது? நீ வெச்சுக்கோ. மில்லுல அந்தக் கோடு எனக்குத் தெரியலன்னு அன்னிக்கே நீ கண்டுபுடிச்சிட்ட, எனக்குத் தெரியும். ஆனா ஒருத்தர்கிட்டயும் சொல்லல பாரு. உன்ன மாதிரி ஆரு இருப்பா சாமி?"

உன் கை என் தோளில் இருந்தது. நான், "டீ சாப்பிடலாமா?" என்றேன்.

அதன்பிறகும் நாலைந்து வருஷம் இருந்தாய். செங்கம் ரோட்டு டீக்கடையில் வாரம் தவறாமல் பார்த்துக்கொண்டோம். "டெஸ்ட்டு எப்படி சாமி போவுது?" என்று கேட்பாய், நான் மில் கதை சொல்வேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வருவேன். க்ளாஸ் காலியாகும், எழுந்துவிடுவேன். உன் ஜனாஸா ஊர்வலத்தில் நடந்தபோதும் உதடு வரைக்கும் வந்தது. யாரிடம் சொல்ல?

இன்றைக்கும் ஒவ்வொரு தையலையும் உன் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே தையலை இரண்டு தடவை பார்க்கிறேன். வயசு என்று நினைக்கிறார்கள்.

சுவரில் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. இன்னொரு பூச்சு அடித்தால் மறைந்துவிடும் என்று வெள்ளையடிக்கும் மட்டையோடு நிற்கிறாள். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.

ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்றாயே பாய். சொன்னேன். நீ டாக்டரிடம் போவதற்கு முந்தின நாளே போய்ச் சொன்னேன்.