எனக்குப் பதிலாகக் கேட்கிறதாமே ஒன்று

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் ஒத்துவரவில்லை, படி இறங்கும்போதெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே இறங்குகிறாள். நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ ஞாயிற்றுக்கிழமை பேசியதை அம்மா அப்படியே ஒப்பித்தாள். செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிவிடுவதால் உன் குழுவில் பாதிப் பேரைக் குறைக்கப் போகிறார்கள், மாதக் கடைசியில் மேலாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அவரவர் நிரலைப் பற்றிக் கேள்வி கேட்பார் என்றாயாம். கவலையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைவிட என்னைக் குத்தியது நீ கடைசியாகச் சொன்னதுதான், "இப்பல்லாம் எங்கயாவது சிக்கிக்கிட்டா அப்பாவைத் தொல்லை பண்றதில்லம்மா, அதுகிட்டயே கேட்டுக்கிறேன்" என்றாயாமே. முன்பெல்லாம் நிரல் ஓடவில்லை என்றால் எனக்குத்தானே போன் செய்வாய்? செய்தி ஆசிரியர் கத்திக்கொண்டிருந்தாலும் நான் அலுவலக மாடிப்படியில் போய் நின்று கேட்பேன். ஒரு எழவும் புரியாது. பேட்டி எடுக்கிற பழக்கத்தில் "அப்புறம்?", "அது ஏன் அங்க போகுது?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன், பாதியில் நீயே "ஐயோ, கண்டுபிடிச்சிட்டேன்ப்பா" என்று கூவிவிட்டு வைத்துவிடுவாய். நான் என்னவோ சாதித்தவன் மாதிரி நாற்காலிக்குத் திரும்புவேன்.

வயிற்றெரிச்சல் தாங்காமல், நீ முன்பொரு நாள் போனில் சொன்ன ஒரு சிக்கலை அலுவலகக் கணினியில் அதனிடம் கேட்டுப் பார்த்தேன். முழுப் பக்கத்துக்குப் பதில், அதுவும் மூச்சுவிடும் நேரத்தில். மரியாதையாக வேறு பேசுகிறது, சனியன். குறை சொல்ல இடமே இல்லாததில் இன்னும் எரிந்தது. "மிஷினோட சக்களத்திச் சண்டை போடுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்று அம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். போன வாரம் மேலாளர் ஒரு வரியைக் காட்டி இது ஏன் இப்படி என்றதும் நீ விழித்தாயாமே, அது எழுதிக் கொடுத்த வரியாம். என்னிடம் சொல்லியிருந்தால் அந்த 'ஏன்' என்ற கேள்வியை நான் முதலிலேயே கேட்டிருப்பேன். பொறாமையில் சொல்கிறேன் என்றால் ஆமாம், பொறாமைதான். அது எழுதட்டும், வேகமாகவே எழுதட்டும். மேலாளர் அறைக்குள் போவதற்கு முந்தின நாள் அந்த நிரலை முதல் வரியிலிருந்து எனக்குச் சொல்.

வேலையும் பெயரும் நிலைத்து, நோய்நொடி இல்லாமல் இரு. முழங்காலுக்குத் தைலம் அனுப்பாதே, அம்மா பூச மாட்டாள். போனைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பேன், மறக்காதே. அந்த மிஷினும் பக்கத்தில் இருந்து கேட்பதென்றால் கேட்கட்டும், குறுக்கே பேச மட்டும் விடாதே.

உனக்கே உனக்கான ஆசிகளுடன்,
அப்பா